இந்தப் பக்கம் மேலே

குளிருக்குப் பேர்போன ஊரில்
குளிராத ஃபிரிட்ஜை என் தலையில் கட்டிவிட்டார்கள்.
அது மறுநாள்தான் தெரிந்தது.
வந்த அன்று எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம்
அதைச் சுற்றி வந்த அட்டைப்பெட்டி.

புந்தா அரெனாஸில் மூன்றாம் நாளாகக் காற்று.
தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ரொட்டி வாங்கிவந்தேன்.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
நீரிணைக்கு அந்தப் பக்கம், போர்வெனீரில்,
ஃபெரியோடு மாட்டிக்கொண்டிருந்தான் ஸ்லாவ்கோ.
"இன்னைக்கும் இல்ல" என்றான் போனில்.
பின்னால் யாரோ சீட்டுக் கலைக்கும் சத்தம்.

"அப்பா வரலேன்னா நாம போவோம்"
என்றான் ஈவோ. வயது நான்கு.
தானிட்சாவுக்கு ஆறு; அவளிடம் திட்டம் இருந்தது.

பெட்டியைப் படுக்கவைத்தோம்.
ரொட்டிக் கத்தியால் வெட்டினேன்,
அவள் சொன்ன இடத்தில் மட்டும்.
ஒருமுறை சொல்லாத இடத்தில் வெட்டிவிட்டேன்.
"அது கடல் உள்ள வர்ற வழி" என்று
மைதாப் பசை தடவி
பழைய கால்சட்டைத் துணியால் அடைத்தாள்.
என்னைப் பார்க்கவே இல்லை.

முட்டை அட்டையில் இருக்கைகள்,
விரல் உயர ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு.
பெயின்ட் டப்பா மூடி சுக்கான்;
நடுவில் ஆணி, ஆணி நுனியில் கார்க்
(ஈவோவின் கண் உயரம் அது).
தயிர்க் கோப்பைகள் இரண்டு விளக்கு,
இடது சிவப்பு, வலது பச்சை.
பாய் ஒன்று கட்டலாமா என்றேன்.
"ஃபெரிக்கு ஏதும்மா பாய்?"
உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி
காலஃபாத்தே பழச்சாற்றில் தோய்த்து
வரிசையாகக் குத்தினோம் ஜன்னல்களை.
குத்தி முடித்த கிழங்கு சூப்புக்குப் போனது.
சூப் ஊதாவாக வந்தது. குடித்தார்கள்.

பெட்டியின் முதுகில் பெரிய அம்பு,
"இந்தப் பக்கம் மேலே".
படுத்த பெட்டியில் அந்த அம்பு
ஜன்னலைத் தாண்டி நீரிணையைக் காட்டியது.
தானிட்சா "மேலே"யை அடித்துவிட்டு
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய
"அப்பா" என்று எழுதினாள்.

அன்றிரவு இருவரும் அதில்தான் தூங்கினார்கள்.
காலையில் பால் திரிந்திருந்தது.

கடையில் ஒரு பெண், நல்ல குரல்.
"மாத்தித் தரோம் சென்யோரா,
வந்த பெட்டியிலேயே திருப்பணும்,
சேதமில்லாம."
நான் சேதத்தைப் பார்த்தேன்.
சேதத்துக்கு நங்கூரமும் இருந்தது:
சாக்ஸுக்குள் கட்டிய அவரைக்கொட்டை.

அழப்போகிறார்கள் என்று நினைத்தேன்.
ஈவோ கேட்டது ஒன்றுதான்:
ஃபிரிட்ஜுக்கு டிக்கெட் முழுசா, பாதியா?
நெடுநேரம் பேசி, முழு டிக்கெட்.
காலண்டர் தாளில் எழுதிக் கிழித்து
கதவிடுக்கில் செருகினான்.

லாரியில் வந்தவர் எலியாசார்.
கப்பலை ஒரு சுற்று சுற்றினார்.
"இது என்ன மாடல்?"
"ஃபெரி" என்றாள் தானிட்சா.
ரசீதில் ஏதோ எழுதிக்கொண்டார்.
பிறகு பயணியை உள்ளே ஏற்றி
கப்பலை நிமிர்த்தினார்.

அம்பு வானத்தைக் காட்டியது.

ஈவோ அண்ணாந்து பார்த்தான்.
"அப்பா மேலேயா இருக்கார்?"

எலியாசார் கயிற்றை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.
கடல்காரர்கள் ஊரில்
சில வீடுகளில் நிஜமாகவே கேட்கப்படும் கேள்வி அது.
"வர்ற வெள்ளிக்கிழமை வந்துடுவான்" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
அவர் தலையாட்டினார். ஒன்றும் சொல்லாமல்
பயணியோடு சேர்த்துக் கப்பலை
லாரியில் படுக்கவைத்தார்.
ஃபிரிட்ஜைப் படுக்கவைக்கக் கூடாது,
என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.
அம்பு நீரிணைப் பக்கம் திரும்பும்வரை
நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

வெள்ளியன்று காற்று விட்டது.
டீசல் வாடையோடு வந்த ஸ்லாவ்கோவை
வாசலிலேயே நிறுத்தினாள் தானிட்சா.
"உன்னைக் கூப்பிட வந்த கப்பலைப் பார்த்தியா?"
"பார்த்தேனே. எதிர்ல வந்துச்சு, ஹாரன்கூட அடிச்சேன்."
"ஜன்னலெல்லாம் என்ன கலர்?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கன்னத்தில் கைவைத்து,
இன்னும் சாயம் போகாத விரல்கள் தெரிய,
சும்மா நின்றேன்.

"ஊதா" என்றான்.